தங்கவயலின் மறைந்த உழைப்பு
(நந்திதுர்க்கு வீட்டுப் பணியாளர் வரலாறு)

பூமிக்கு அடியில் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தவர் நம் முன்னோர் என்று ஆண்டுதோறும் இம்மலரிலே பெருமையோடு எழுதி வருகிறோம். அப்பெருமை உரியதே. ஆயினும் அதே காலத்தில், அதே தங்கவயலில், பூமிக்கு மேலே, பங்களாக்களின் பின்கட்டிலே மற்றொரு கூட்டம் உழைத்துக் கொண்டிருந்தது. சமைத்தோர், துவைத்தோர், பெருக்கியோர், குழந்தை வளர்த்தோர், தோட்டம் காத்தோர் ஆகிய இவர்களைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. சுரங்கத் தொழிலாளிக்கு நேர்ந்த விபத்துக்கும் நோய்க்கும் ஏடு உண்டு, கணக்கு உண்டு. வீட்டுப் பணியாளரின் நோய்க்கு ஏடும் இல்லை; கணக்கும் இல்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் எண்ணத்துடன் இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

முதலில் இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். நந்திதுர்க்கு என்பது சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள நந்திமலைக் கோட்டையின் பெயர். பழைய மைசூர் நாட்டில் பெங்களூரும் கோலாரும் அடங்கிய நிர்வாகப் பிரிவும் அப்பெயரையே தாங்கி நின்றது. மலையிலிருந்து வெகுதொலைவில் தோண்டப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்றும் அப்பெயரைப் பெற்றது. தெற்கே மாரிக்குப்பத்தை ஒட்டி மைசூர்ச் சுரங்கம், அதற்கு வடக்கே சாம்பியன் ரீப், அதற்கும் வடக்கே உரிகம், அதனையடுத்து நந்திதுர்க்கு என இந்நான்கு சுரங்கங்களும் வரிசையாக அமைந்தன. 1873-இல் லவெல் என்னும் அயர்லாந்து நாட்டுப் போர்வீரர் இங்குச் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை கேட்டார். 1880-இல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை இரயில் பாதை இடப்பட்டது. 1902 ஜூன் மாதம் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்னரே தங்கவயலில் மின்சாரம் வேலை செய்தது என்பதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தொழிலுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, ஆதிதிராவிட மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மூங்கில் தட்டி வீடுகளிலே குடியேறினர். தட்டி வீட்டிற்குச் சன்னலும் இல்லை; புகை போக்கியும் இல்லை. அவ்வீடுகளிலிருந்து சிறிது தொலைவிலே, குளிர்ந்த காற்று வீசும் மேட்டு நிலங்களிலே, ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்கள் எழுந்தன. சுற்றிலும் தோட்டம், முன்னே வாயில் மண்டபம், பின்னே வேலைக்காரர் குடில்கள் என அவை விளங்கின. கிளப், தேவாலயம், கோல்ப் மைதானம் ஆகியவை அடங்கிய அப்பகுதியை "சின்ன இங்கிலாந்து" என்றே வெள்ளையர் அழைத்தனர். அந்தச் சின்ன இங்கிலாந்து நாள்தோறும் விடிவதும் அடங்குவதும் தமிழர் கைகளாலேயே நடந்தது.

பங்களாவில் ஒருவர் வேலை மற்றொருவருக்கு உரியதன்று. பட்லர் மேற்பார்வையாளர், குசினிக்காரர் சமையலுக்கு, மேட்டி பாத்திரம் துலக்க, ஆயா குழந்தைகளுக்கு, வண்ணார் துணிக்கு, தோட்டக்காரர் செடிகளுக்கு, தோட்டி கழிவறைக்கு. குழாய்நீர் வாராத காலத்தில் தண்ணீர் சுமக்கத் தனியே ஓர் ஆள். இரவில் காவலுக்கு ஓர் ஆள். ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் பணி செய்தல் அக்காலத்து ஐரோப்பிய இல்லங்களில் வழக்கமே.

இப்பணிகளுக்கு நம்மவர் விரும்பிச் சென்றதற்கும் காரணம் உண்டு. மாட்டிறைச்சி சமைத்தல், பிறர் உண்ட கலம் கழுவுதல் முதலியவற்றைச் சாதி இந்துக்கள் செய்ய மறுத்தனர். ஆகவே சென்னை மாகாணம் எங்கும் ஐரோப்பியரின் சமையற்கட்டு ஆதிதிராவிட மக்களுக்குத் திறந்தது. கிராமத்திலே ஆண்டையின் களத்தில் நெல்லைக் கூலியாகப் பெற்றவர்க்குத் துரை வீட்டில் மாதச் சம்பளம் காசாகக் கிடைத்தது. ஆங்கிலப் பேச்சும் கிடைத்தது; சிலருக்குக் கல்வியும் கிடைத்தது. தங்கவயல் பௌத்த இயக்கத்துக்கு வழிகாட்டியாக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் வாயிலாகவே திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் எழுதியுள்ளார். சமையற்கட்டில் நின்றவர் வீட்டிலே தமிழ்ச் சுவடி இருந்தது என்னும் இச்செய்தியை ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் காசு கிடைத்தது என்பதனால் துன்பம் இல்லை என்று கொள்ளலாகாது. பங்களாவின் முன்கூடத்தைக் கண்டு வியப்போர் அதன் சமையலறையைக் கண்டதில்லை. நெருப்பும் புகையும் நாற்றமும் தம்மை அண்டக் கூடாதென்று சமையலறையை வீட்டினின்றும் பிரித்துத் தனியே கட்டுவது வெள்ளையர் வழக்கம். சென்னையில் சேனை அதிகாரியாக இருந்த கென்னி-ஹெர்பர்ட் என்பவர் "வைவர்ன்" என்னும் புனைபெயரில் 1878-இல் சமையற் குறிப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பியர் இந்தியாவில் தம் சமையலறைகளை எவ்வளவு இழிவாக வைத்துள்ளனர் என்பதற்கென்றே அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, வெளிச்சமும் காற்றோட்டமும் அற்ற அந்த அறைகளைத் தம் இனத்தவர்க்கே அவர் சுட்டிக் காட்டினார். அவருடைய கவலை உணவின் தூய்மை பற்றியது; அதே அறையில் நாள் முழுதும் நின்ற குசினிக்காரரின் மூச்சு பற்றியது அன்று. ஆயினும் நமக்கு அது நல்ல சான்று.

விறகுப் புகையை நாள்தோறும் பல மணி நேரம், பல்லாண்டு காலம் உட்கொள்வோர்க்கு நாட்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் நுரையீரல் அடைப்பு நோயும் வருகின்றன என்பது இன்று மருத்துவ உலகம் ஐயமின்றி ஒப்புக்கொண்ட உண்மை. கண்ணெரிச்சலும் அதனோடு சேர்ந்து வரும். ஆனால் அக்காலத்திலே குசினிக்காரர் இருமினால் அது சுருட்டுப் பிடித்ததன் பயன் என்று கூறி முடித்தனர். ஒரு தொழிலாளி இருமுகிறான் என்றால் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று வினவுதல் மருத்துவரின் கடமை. இதனை இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் வற்புறுத்தினார். சுரங்கத் தொழிலாளரையும் கொல்லரையும் மட்டுமன்றிச் சலவைப் பெண்டிரையும் பாலூட்டும் தாதியரையும் அவர் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக் கொண்டார். எனினும் அந்தக் கேள்வி பின்கட்டு வரை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

பிற பணிகளின் நோய்களையும் எண்ணிப் பார்ப்போம். மண்டியிட்டுத் தரை துடைப்போர்க்கு முழங்காற் சிரட்டையின் முன்னே உள்ள மெல்லிய நீர்ப்பை வீங்கும். இதற்கு ஆங்கில மருத்துவர்கள் "வேலைக்காரி முழங்கால்" என்றே பெயரிட்டனர்! நோய்க்கு அவள் பெயரைச் சூட்டிய நாகரிகம், அந்நோய்க்காக அவளுக்கு ஒரு காசும் கொடுக்க நெடுங்காலம் எண்ணவில்லை. இடைவிடாது நீரிலும் சோப்பிலும் கைவைப்போர்க்குத் தோல் வெடிக்கும், நகச்சுற்று வரும், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் தோன்றும். குடம் சுமப்போர்க்குக் கழுத்தும் இடுப்பும் தேயும். கரி இட்ட இஸ்திரிப் பெட்டியுடன் காற்றோட்டமற்ற அறையில் நிற்போர் அதன் நச்சு வாயுவால் தலைவலியும் மயக்கமும் உறுவர். கழிவறை துப்புரவு செய்தவர் பட்ட நோய்களையும் இழிவையும் விரித்துரைக்க இக்கட்டுரையில் இடம் போதாது.

நந்திதுர்க்குப் பகுதியிலே பங்களா ஒன்றில் ஆயாவாகப் பல்லாண்டு பணி செய்த மூதாட்டி ஒருவரை எம்மில் சிலர் சந்தித்துப் பேசியதுண்டு. அத்தனை ஆண்டுகளில் தாம் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை என்பதையே அவர் முதலிற் கூறினார். அதனைப் பெருமையாகவே கூறினார். முழங்கால் பற்றி நாமாகக் கேட்ட பின்னரே கையை ஊன்றி எழுந்து காட்டினார். விடுப்பு என்று ஒன்று உண்டு, அதனைக் கேட்பது உரிமை என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லாதவருள் நம் பெரியோரும் உளர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, சுரங்கத் தொழிலாளரின் நிலையோடு இதனை ஒப்பிடுவோம். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும்போது எழும் படிகக் கல் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் கொடிய நோயைத் தருகிறது. 1940-களில் மருத்துவர்கள் தங்கவயல் தொழிலாளரை எக்ஸ்-ரே கொண்டு ஆராய்ந்தனர். 1947-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியே இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் அறிக்கை என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இந்நோய் தொழில் நோய் எனச் சட்டத்தில் இடம்பெற்றது, இழப்பீட்டுக்கும் உரியதாயிற்று. இவ்வுரிமை தானாக வந்ததன்று. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் சுரங்கங்கள் அனைத்திலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்தனர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே வாயிலில் இறங்கி ஏறியதனால் சங்கம் பிறந்தது. சங்கம் பிறந்ததனால் சட்டம் காது கொடுத்தது.

வீட்டுப் பணியாளருக்கு அந்த வாயில் எங்கே? ஒருவர் ஒரு பங்களாவில். மற்றொருவர் மற்றொரு பங்களாவில். சங்கு ஊதித் தொடங்கும் நேரமும் இல்லை. சங்கு ஊதி முடியும் நேரமும் இல்லை. துரைசாணி மணி அடித்தால் வேலை. அடிக்காவிட்டால் காத்திருத்தலே வேலை. சுரங்கச் சட்டத்தின் கண்ணுக்கு வீடு சுரங்கம் அன்று. தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணுக்கு வீடு தொழிற்சாலை அன்று. ஆகவே ஆய்வாளர் எவரும் அவ்வாயிலைத் தட்டவில்லை.

சட்டம் வீட்டுப் பணியாளரை முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஓரிடத்தில் நன்றாகவே நினைவு வைத்திருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. வேலைக்காரன் தன் எசமானின் பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏழாண்டு அப்படியே உள்ளது. நம்பிக்கைக்கு இரண்டகம் செய்தான் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். நன்று. நம்பிக்கை என்பது இருவழிப்பட்டதன்றோ? முப்பதாண்டு உழைத்து முழங்கால் தேய்ந்தவரைக் கைவிட்ட எசமானின் நம்பிக்கைத் துரோகத்திற்கு எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு?

பெண்களின் நிலையைத் தனியே கூறுதல் வேண்டும். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் பூமிக்கு அடியில் வேலை செய்வதைத் தடுத்தது. அவர்களைக் காப்பதே அதன் நோக்கம். ஆயினும் காப்பதற்குச் சட்டம் இருந்ததே யன்றி, மாற்று வேலைக்கு வழி இருக்கவில்லை. தங்கவயலில் பெண்ணுக்குக் கிடைத்த கூலிவேலைகளில் எளிதாகக் கிட்டியது வீட்டு வேலையே. பங்களா வேலை முடிந்து தட்டி வீட்டுக்குத் திரும்பினால் அங்கே இரண்டாவது அடுப்பு காத்திருக்கும். கணவன் சுரங்கத்திலிருந்து கொணர்ந்த தூசு படிந்த உடையை உதறித் துவைப்பவளும் அவளே. உடையில் வரும் தூசும் உடையைத் துவைப்பவர் மூச்சிற் சேரும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். இவற்றுக்கு மேல், பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அம்மண் காற்றுக் காலத்தில் எழுந்து வீடுதோறும் படிகிறது. அதனை நாள்தோறும் பெருக்குவது யாருடைய கை? அதைச் சொல்லவும் வேண்டுமோ!

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. வெள்ளையர் படிப்படியாக நீங்கினர். 1962-இல் மத்திய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. பங்களாக்களில் துரைகளுக்குப் பதிலாக இந்திய அதிகாரிகள் குடியேறினர். துரை என்னும் சொல் போயிற்று, பின்கட்டு போகவில்லை. பிறகு 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒலித்த சங்கு நின்றது. ஆண்களின் வேலை போனபோது குடும்பத்தைத் தாங்கியது பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலையும் துப்புரவு வேலையும் தையல் ஆலை வேலையுமே என்பதை நாம் அனைவரும் கண்கூடாகக் கண்டோம்.

இன்றும் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் இரயில் ஏறும் பெண்களைப் பாருங்கள். எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் துடைத்தும் துலக்கியும் மாலையில் திரும்புகின்றனர். போக இரண்டு மணி நேரம். வர இரண்டு மணி நேரம். விறகுப் புகை நீங்கியது; ஆனால் கழிவறை துலக்கும் அமிலமும் வெளுப்பு நீரும் வந்து சேர்ந்தன. இவ்விரண்டையும் கலந்தால் நுரையீரலை அரிக்கும் குளோரின் வாயு எழும் என்பதைப் புட்டியைக் கையில் கொடுப்போர் எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கின்றனர்? கையுறை கேட்டால் விந்தையாகப் பார்க்கும் வீடுகளும் உள்ளன. வேலைக்காரப் பெண் எந்த மின்தூக்கியில் ஏறலாம் என்று விதி எழுதி ஒட்டும் குடியிருப்புகளும் உள்ளன. நம் பாட்டிமார் பின்வாசலால் நுழைந்தனர். நம் பேத்திமாருக்கும் தனி மின்தூக்கி!

இருள் மட்டுமே உள்ளது என்று கூறுவது நேர்மை ஆகாது. 1959-இலேயே வீட்டுப் பணியாளரின் வேலை நிலைமை பற்றி ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது, சட்டமாகாமல் மறைந்தது. 2004-இல் கருநாடக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. 2007-இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2008-ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இவர்களைத் தொழிலாளர் என்றே கூறியது. 2011 ஜூன் 16-இல் ஜினீவா நகரில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, பாதுகாப்பும் நலமும் உள்ள பணியிடம் ஆகியவற்றை அது உரிமையாக்குகிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆயினும் இன்னும் ஏற்புக் கையொப்பம் இடவில்லை. 2013-இல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் இவர்களுக்கெனச் சட்ட அமைப்பு ஒன்றினை ஆராயக் குழு அமைக்குமாறு உச்சநீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. ஆக, ஏணி நாட்டப்பட்டுவிட்டது. படிகள்தாம் இடைவெளியோடு நிற்கின்றன.

"எங்கள் வீட்டு வேலைக்காரி எங்கள் குடும்பத்தில் ஒருத்தி போல, சட்டம் எதற்கு?" என்று கேட்போர் நம்முள்ளும் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் குடும்பத்தில் ஒருத்தி நோயுற்றால் அன்றைய கூலியைப் பிடிக்கிறோமா? குடும்பத்தில் ஒருத்திக்குத் தனிக் குவளை வைக்கிறோமா? அன்பு இருக்கட்டும், அதனோடு கூலியும் ஓய்வும் மருத்துவமும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

நம் சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு. பங்களாக்களில் பணி செய்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் நினைவுகளையும் அவர்கள் உற்ற நோய்களையும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இன்று தவறினால் நாளை இயலாது. இரயிலிற் செல்லும் பெண்களுக்கு அரசு அறிவித்த கூலி என்ன, பதிவு செய்வது எங்கே என்பதைத் தமிழில் அச்சிட்டு இரயில் நிலையங்களில் வழங்குதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை மருத்துவர்களை அழைத்து, மூச்சையும் முழங்காலையும் கைத்தோலையும் சோதிக்கும் முகாம் ஒன்றை ஆண்டுவிழாவோடு சேர்த்து நடத்துதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்னே, நம் வீட்டில் வேலை செய்வோர் இருப்பின், வாரத்தில் ஒருநாள் ஓய்வை நாமே முதலிற் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் நாம் எழுதும் வரலாறு பிறரைக் குறைகூறும் வரலாறாகவே நின்றுவிடும்.

தங்கவயலின் பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அதை எடுத்தவர் பெயரையேனும் கல்லிற் பொறித்தோம். அவர்களுக்கும் அவர்களை ஆண்டவர்களுக்கும் சோறு பொங்கியவர் பெயரை இனியேனும் ஏட்டில் எழுதுவோம்.

வாழ்க தமிழ்! ஓங்குக உழைப்போர் உரிமை!